கூட்டத்தை ஊருக்கு வெளியே துரத்தினால் உயிர்கள் தப்பாது

நகரச் சாலைகளில் இனி எந்தக் கூட்டமும் கூடாது என்கிறார்கள். பொதுக்கூட்டமோ, ஊர்வலமோ, ரோடு ஷோவோ, மாரத்தானோ, எதுவானாலும் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும், சாலை வண்டிகளுக்கு உரியது என்கிறார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் ஒரு கட்சித் தலைவரின் பிரச்சாரக் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் இறந்தபிறகு, டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம்வரை இதுவே பொதுக் கருத்தாகிவிட்டது. நெடுஞ்சாலைகளில் கூட்டங்களுக்கு இப்போதைக்கு அனுமதி தருவதில்லை என்று அரசும் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. துக்கத்தில் பிறந்த கோரிக்கை என்பதாலேயே இதை எதிர்த்துப் பேசப் பலரும் தயங்குகிறார்கள். ஆனால் பேசித்தான் ஆகவேண்டும். இந்தக் கருத்து தவறானது. நடைமுறைக்கு வந்தால் அடுத்த சாவுகளுக்கும் வழிவிடக்கூடியது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். ஒரு தலைவர் வருகிறார் என்றால் காலை முதலே சாலையை மறித்துவிடுகிறார்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளை பேருந்துக்குள் அழுகிறது. பிரசவ வலியில் இருப்பவளின் ஆட்டோ திரும்ப வழியில்லாமல் நிற்கிறது. தள்ளுவண்டிக்காரருக்கு அன்றைய பிழைப்பு போகிறது. புதிதாகப் போட்ட தாரில் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், விழாவுக்காக நட்ட அலங்கார வளைவில் மோதி ஓர் இளம் பொறியாளர் இறந்தார். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் ஒன்று சரிந்து விழ, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். இவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் போனவர்கள் அல்லர். தங்கள் வழியே போய்க்கொண்டிருந்த சாதாரண மக்கள். இந்தக் கோபத்தில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. கோபத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. "சாலை வாகனங்களுக்கு மட்டுமே உரியது."

எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? 1969-இல் அகமதாபாத்தில் மாணவர் வேலைநிறுத்தத்தை ஒட்டிப் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி கேட்டவருக்குக் காவல்துறை மறுத்தது. ஹிம்மத்லால் ஷா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 1972-இல் வந்த தீர்ப்பு தெளிவாகச் சொன்னது: பொதுச் சாலையில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், எல்லாச் சாலைகளையும் திறந்தவெளிகளையும் கூட்டங்களுக்கு அடைத்துவிட முடியாது. எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று எதுவும் சொல்லாமல், அதிகாரி விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்று விட்டிருந்த விதியை நீதிமன்றம் செல்லாது என்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டின் சட்டம் இதுதான்.

ஷாகீன்பாக் வழக்கில் 2020-இல் வந்த தீர்ப்பை எதிரே வைப்பார்கள். பொதுவழியைக் காலவரையின்றி ஆக்கிரமிக்கக் கூடாது என்று அது சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பின் கவலை காலவரையற்ற ஆக்கிரமிப்பைப் பற்றியது. மாலை நான்கு மணிக்கு மூடி எட்டு மணிக்குத் திறந்துவிடும் சாலையைப் பற்றிய தீர்ப்பாக அதை வாசிப்பது, வாசிப்பவரின் விருப்பத்தைத் தீர்ப்பின் மேல் ஏற்றுவதாகும்.

சட்டத்தை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள். மதுரையின் மாசி வீதிகளில் தேர் வருகிறது. மயிலாப்பூரில் பங்குனி மாதத்து அறுபத்துமூவர் விழாவன்று மாட வீதிகளில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் உலா வருகிறார்கள். ஆகஸ்டு முடிவில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலை நோக்கி நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் காவி உடுத்தி நடந்து வருகிறார்கள். தமிழ்நாட்டு நகரங்களில் ஊர்கூடும் இடமாகத் தெரு இருந்தது. மோட்டார் வாகனம் அதற்குள் பின்னால் வந்து சேர்ந்தது. வந்தவருக்கும் உரிமை உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. இருந்தவரை வெளியேற்றும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் பதில் இல்லை.

2. "சாலையில் கூடியதால்தான் இறந்தார்கள், மைதானமென்றால் பிழைத்திருப்பார்கள்."

இந்த வாதம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். இது சரிந்தால் மற்றவை தாமே சரியும். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் மாவட்டத்தில் 121 பேர் இறந்தார்கள். நகரச் சாலையில் அல்ல. கிராமத்து வெளியில் பந்தல் போட்டு நடந்த சத்சங்கம் அது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 11 பேர் இறந்தார்கள். மைதானம்தான், வாயில்கள் உண்டு, இருக்கைகளுக்கு எண்கள் உண்டு. அந்த வாயில்களில்தான் இறந்தார்கள். 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படை சாகச நிகழ்ச்சிக்கு மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடிய நாளில் ஐந்து பேர் இறந்தார்கள். நாட்டின் நீளமான நகர்ப்புறக் கடற்கரைகளில் ஒன்று. அதைவிடத் திறந்த வெளி எங்கே கிடைக்கும்? கொல்லும் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, திரும்பிப் போக ரயிலுக்கும் பேருந்துக்கும் அலைமோதல் என்று அன்று அங்கிருந்தவர்கள் சொன்னவை எல்லாம் இடத்தின் குறைகள் அல்ல, ஏற்பாட்டின் குறைகள். 1992 மகாமகத்தில் குடந்தையில் உயிர்கள் போனது குளக்கரையில்.

ஆந்திரம் இன்னும் நேரான பாடம். 2022 டிசம்பர் 28 அன்று கந்துகூரில் சந்திரபாபு நாயுடுவின் ரோடு ஷோவில் எட்டுப் பேர் இறந்தார்கள். நான்கே நாளில் குண்டூரில் சங்கராந்திப் பரிசுப்பொருள் வழங்கிய கூட்டத்தில் மூன்று பேர். உடனே 2023 ஜனவரி 2 அன்று அன்றைய அரசு அரசாணை எண் 1-ஐப் பிறப்பித்துச் சாலைகளில் கூட்டங்களுக்குக் கதவடைத்தது. குண்டூரில் நடந்தது ரோடு ஷோவே அல்ல, பொருள் வாங்க முண்டியடித்த நெரிசல். அந்தச் சாவுகளுக்கும் சேர்த்து எழுதியதாகச் சொல்லப்பட்ட ஆணையில் அந்தச் சாவுகளைத் தடுக்கும் மருந்து இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

ஜெர்மனியின் லவ் பரேட் இசை ஊர்வலம் பெர்லின் நகரத்தின் நடுவில், பூங்காவைப் பிளந்து செல்லும் அகன்ற பெருஞ்சாலையில் பல ஆண்டுகள் நடந்தது. லட்சக்கணக்கில் கூடினார்கள், நான்கு பக்கமும் கலைந்து போனார்கள். பிறகு பெர்லினில் அனுமதி கிடைக்காமல் வேறு ஊர்களுக்குப் போய், 2010-இல் டூயிஸ்பர்கில் பழைய சரக்கு ரயில் நிலையத்து வளாகத்துக்குள் வேலி போட்டு நடத்தினார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் சுரங்கப்பாதை வழியாக ஒரே பாதை. அந்த வழியில் 21 பேர் நசுங்கி இறந்தார்கள். சாலையில் பிழைத்த கூட்டம் வேலியடைத்த வளாகத்தில் மாண்டது.

அப்படியானால் கொல்வது எது? அடர்த்தி. ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர் நின்றால் திரும்பலாம், குனியலாம், குழந்தையைத் தூக்கலாம். நான்கு பேர் என்றால் நெருக்கம். ஆறு, ஏழு பேராகிவிட்டால் தன் காலின் மேல் யாருக்கும் அதிகாரம் இல்லை. பின்னாலிருந்து வரும் தள்ளுதல் அலையாக உடல்வழியே முன்னேறுகிறது. நெஞ்சு விரிய இடமில்லாமல் நின்றவாக்கிலேயே மூச்சு நின்றுபோகிறது. மிதிபட்டு இறப்பவர்களைவிட இப்படி மூச்சுத்திணறி இறப்பவர்களே அதிகம் என்று கூட்ட நெரிசலை ஆராய்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இது தார்ச்சாலை, புல்தரை என்று பார்த்து வருவதில்லை.

எளிய கணக்கு ஒன்று போடலாம். அறுபது அடிச் சாலை என்றால் ஏறத்தாழ 18 மீட்டர் அகலம். ஆம்புலன்ஸுக்கு ஒரு பக்கம் நான்கு மீட்டர் ஒதுக்கினால் மீதி 14. நூறு மீட்டர் நீளத்துக்கு 1,400 சதுர மீட்டர். நெடுநேரம் காத்திருக்கும் கூட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 2,800 பேர். கரூருக்குப் பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று கேட்டிருந்தார்கள், 27,000 பேர்வரை வந்தார்கள் என்பது அன்று காவல்துறைத் தலைமை சொன்ன எண்ணிக்கை. அத்தனை பேர் பாதுகாப்பாக நிற்க, நான் சொன்ன அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலை வேண்டும். ஆனால் யாரும் கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவி நிற்பதில்லை. வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றித்தான் நெருக்குவார்கள்.

ரோடு ஷோவின் தனி ஆபத்து இதில்தான் இருக்கிறது. மேடை போட்ட கூட்டத்தில் பார்க்க வேண்டியவர் ஓரிடத்தில் நிற்கிறார். இடம் பிடித்தவர் அசைய வேண்டியதில்லை. ஊர்வலத்தில் எல்லோரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். ரோடு ஷோவில் மணிக்கணக்காகக் காத்து நிற்கும் ஒரு கூட்டத்துக்குள், இன்னொரு கூட்டத்தை வாலாக இழுத்துக்கொண்டு வண்டி நுழைகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்துகின்றன. கரூரில் நண்பகலுக்கு வருவார் என்று நினைத்துக் காத்திருந்தவர்களிடம் தலைவர் வந்து சேர்ந்தபோது இரவு ஏழு மணி தாண்டிவிட்டது. பகல் முழுவதும் நின்று நாவறண்ட உடல்கள் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்தது. யார் குற்றவாளி என்பதை விசாரிக்க 2025-இல் உச்ச நீதிமன்றம் சிபிஐக்கு உத்தரவிட்டது. அதற்குள் நான் போகவில்லை. மூன்று வேறுபட்ட நிகழ்ச்சிகளையும் "சாலைக் கூட்டம்" என்று ஒரே பெயரில் கட்டிவைத்து மூன்றையும் தடுக்கச் சொல்பவர்கள், மரணம் எந்த வழியாக வந்தது என்று இன்னும் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

தேருக்கும் இதுவே பொருந்தும். 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் அப்பர் சதய விழாவின் சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அங்கே நெரிசலே இல்லை. சப்பரத்தின் உயரமும் கம்பியின் உயரமும் சாலையின் மட்டமும் ஒன்றோடொன்று சரிபார்க்கப்படவில்லை. அளந்து பார்க்க ஒருவர் போயிருந்தால் போதும். தடையால் காப்பாற்றியிருக்க வேண்டிய உயிர்கள் அல்ல அவை. அளவெடுத்துக் காப்பாற்றியிருக்க வேண்டியவை.

3. "நகரமே ஸ்தம்பித்துவிடுகிறது."

எந்த நகரம் ஸ்தம்பிக்காமல் இருக்கிறது? சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அதற்காக ஆற்காடு சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் ஆண்டுக்கணக்கில் குறுகிக் கிடந்தன. மக்கள் வாழப் பழகினார்கள். எங்கே தடுப்பு, எந்த வழி ஒருவழி, எந்தப் பேருந்து எங்கே திரும்பும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால் பழகினார்கள். சாலை மூடப்படுவதைக் காட்டிலும், மூடப்படுவது தெரியாமல் அதற்குள் போய் மாட்டிக்கொள்வதுதான் மனிதரை வதைக்கிறது.

மெட்ரோ நாளைக்குப் பயன் தரும், கூட்டத்தால் என்ன பயன் என்று திருப்பிக் கேட்கலாம். கேட்ட அந்தக் கணத்திலேயே பேச்சு போக்குவரத்தை விட்டு நகர்ந்து, எந்தக் கூட்டம் மதிப்புள்ளது என்ற தீர்ப்புக்குள் போய்விடுகிறது. அந்தத் தீர்ப்பை அரசின் கையிலோ காவல் நிலையத்தின் கையிலோ கொடுக்க நான் தயாராக இல்லை. பக்தருக்கு அறுபத்துமூவர் விழா மதிப்புள்ளது. ஓடுபவருக்கு மாரத்தான். கூலி உயர்வு கேட்பவருக்கு ஊர்வலம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974-இல் தொடங்கிய வழக்கத்தின்படி ஞாயிறுதோறும் காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளை வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விடுகிறார்கள். நெரிசலுக்குப் பேர்போன நகரம்தான் அதுவும். நாளும் நேரமும் மாறாததால் ஊர் அதைத் தன் வாரத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது.

4. "ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?"

எதிர்த்தரப்பின் கேள்விகளில் மிகக் கனமானது இதுதான். இதற்குப் பதில் சொல்லாத எந்த அனுமதியும் வழங்கப்படக் கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பதில் இருக்கிறது, செலவும் அதிகமில்லை: ஆள்நின்று காக்கும் நான்கு மீட்டர் காலிப்பாதை, ஒவ்வொரு குறுக்குத்தெருவிலும் திறந்து விடக்கூடிய தடுப்பு, 108 கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட வரைபடம். கூட்டம் இல்லாத நாளில் அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் எப்படி ஊர்ந்து போகிறது என்பதை இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அறிவார்கள். ஒழுங்காகக் காலிப்பாதை விட்ட ஒரு ஊர்வலத்தைத் தாண்டுவது அதைவிட எளிது. விடாத ஊர்வலத்தை நிறுத்தும் அதிகாரம் காவல்துறைக்கு இன்றும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருந்துவிட்டு எல்லா ஊர்வலத்தையும் தடை செய் என்பது, கடமையைச் செய்யாதவருக்குக் கடமையையே இல்லாமல் ஆக்கிக் கொடுப்பதாகும்.

5. "லட்சக்கணக்கில் வைப்புத்தொகை வாங்கினால் பொறுப்பு வந்துவிடும்."

யாருக்குப் பொறுப்பு வரும்? பெரிய கட்சிக்குச் சில லட்சம் ஒரு நாள் பந்தல் செலவுகூட இல்லை. நிகழ்ச்சி நடத்தும் நிறுவனத்துக்கு அது டிக்கெட் விலையில் சேர்ந்துவிடும். பணம் கட்ட முடியாமல் சாலையிலிருந்து வெளியேறப்போவது யார் என்று பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம். 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து சென்னை மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்த போராட்டம் அது. நடைபாதையை மறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது; 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நகரத்தின் குப்பையை அள்ளும் பெண்கள் எந்த மைதானத்துக்குப் போயிருக்க வேண்டும்? ரிப்பன் மாளிகையில் இருப்பவரிடம்தான் அவர்களுக்குக் கோரிக்கை. ஊருக்கு வெளியே காலி மனையில் நின்று அதைச் சொன்னால் யார் காதில் விழும்?

2018-இல் மெரினாவில் உண்ணாவிரதத்துக்கு விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு கேட்ட அனுமதியும் இப்படித்தான் போனது. தனி நீதிபதி ஒரு நாளுக்கு அனுமதித்தார், அரசு மேல்முறையீட்டுக்குப் போனது, இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அதே ஆண்டு டெல்லியில் ஜந்தர் மந்தர் போராட்டங்களுக்கு இருந்த முழுத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கி, வழிமுறை வகுக்கச் சொன்னது. ஆட்சியிலிருப்பவர் பார்வையில் படும் இடத்தில் நின்று பேசுவதும் பேச்சுரிமையின் பகுதி என்பதை ஏற்றுக்கொண்டால் வேறு முடிவுக்கு வர முடியாது.

சேதத்துக்கு இழப்பீடு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. தோண்டிய குழிக்கும் உடைந்த தடுப்புக்கும் குப்பைக்கும் பின்னால் கணக்கெடுத்துக் கறாராக வசூலியுங்கள். முன்பணம் என்பது வேறு. அது சேதம் செய்தவரையும் செய்யாதவரையும் பிரிக்காது, இருப்பவரையும் இல்லாதவரையும்தான் பிரிக்கும்.

6. "காவல்துறைக்கு முழு அதிகாரம் கொடுத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

அதிகாரம் இல்லை என்று யார் சொன்னது? சென்னையில் 1888-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30(2). இரண்டும் ஆங்கிலேயர் தங்கள் ஆட்சிக்காக எழுதிக்கொண்டவை; சுதந்திரத்துக்குப் பிறகும் புதுப்பித்துப் புதுப்பித்து அமலில் வைத்திருக்கிறோம். இத்தனை அதிகாரமும் கையில் இருந்த மாநிலத்தில்தான் கரூர் நடந்தது.

அந்த அதிகாரம் எப்படிச் செயல்படுகிறது என்று கூட்டம் நடத்தியவர்களைக் கேளுங்கள். எந்தக் கட்சியைச் சேர்ந்தவரும் ஒரே கதையைத்தான் சொல்வார். மனு கொடுத்துவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். பதில் வராது. மறுப்பும் வராது. நீதிமன்றத்துக்குப் போன பிறகு, நிகழ்ச்சிக்கு ஓரிரு நாள் முன்னால், பல நிபந்தனைகளோடு அனுமதி கையில் வரும். அதற்குப் பிறகு தடுப்புக்கு எங்கே சொல்வது? தன்னார்வலரை எப்போது பயிற்றுவது? தண்ணீர்த் தொட்டியை எங்கே நிறுத்துவது? மாற்றுவழியைப் பொதுமக்களுக்கு எப்போது அறிவிப்பது? தாமதமான அனுமதி உரிமைப் பிரச்சினை மட்டுமல்ல. நேராக உயிர்ப் பாதுகாப்புப் பிரச்சினை. நீதிமன்றத்தில் கடைசி நாள்வரை வாதாடிக்கொண்டிருந்த ஏற்பாட்டாளரிடம் நல்ல ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. ஏற்பாட்டில் கோட்டைவிட்டவருக்கும் அதுவே சாக்காகிவிடுகிறது.

கேரளத்தையும் பார்த்துவிடுவோம். 2010-இல் அங்கே உயர் நீதிமன்றம் சாலையோரக் கூட்டங்களைத் தடை செய்தது. மறு ஆண்டு சட்டசபை தனிச் சட்டமே இயற்றியது. 2024 டிசம்பரில் தலைநகர் திருவனந்தபுரத்தின் வஞ்சியூரில் அன்றைய ஆளும் கட்சி சாலையை மறித்து மேடை போட்டு மாநாடு நடத்தியது. உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. பொத்தாம்பொதுவான தடையின் முடிவு இதுதான். எளியவர் மீது அது முழுதாக விழும். ஆட்சியிலிருப்பவர் அருகில் வரும்போது வளைந்து கொடுக்கும்.

நம் ஊரிலும் 2024 ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் முதல் தேதியிலும் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்தது. நேப்பியர் பாலமும் சிவானந்தா சாலையும் அண்ணா சாலையின் ஒரு துண்டும் அந்தப் பாதையில் அடங்கும். தலைமைச் செயலகத்துக்கும் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கும் அருகில், மாநிலத்தின் பரபரப்பான பகுதி. மாற்றுவழி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, தடுப்புச் சுவர் நின்றது, துறைகள் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போட்டன. பந்தயம் தேவையா என்ற விவாதம் வேறு. நெருக்கடியான சாலையில் ஆயிரக்கணக்கானோர் கூடும் நிகழ்ச்சியைப் பல வாரம் திட்டமிட்டு நடத்தும் திறன் இந்த அரசு இயந்திரத்துக்கு உண்டு என்பதை அந்த இரண்டு இரவுகள் நிரூபித்தன. அரசுக்குப் பிடித்த நிகழ்ச்சிக்குக் கிடைத்த உழைப்பு மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எல்லோரையும் துரத்துவது அதற்குப் பதிலாகாது.

7. "அப்படியானால் நீங்கள் என்னதான் கேட்கிறீர்கள்?"

தடையைவிடக் கடுமையான ஒன்றைக் கேட்கிறேன். ஒவ்வொரு நகரத்திலும் எந்தெந்தச் சாலையில், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் எத்தனை பேர் கூடலாம் என்று அகலத்தை அளந்து கொள்ளளவு கணக்கிட்டு மாநகராட்சி பட்டியல் வெளியிட வேண்டும். மருத்துவமனை வாசல், பேருந்து நிலையத்தின் கழுத்துப் பகுதி, பக்கத்தில் திறந்த வாய்க்கால் ஓடும் இடம் ஆகியவை அதில் வரக் கூடாது. கந்துகூரில் சிலர் விழுந்தது அப்படியொரு கால்வாயில். பொதுக்கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் ரோடு ஷோவுக்கும் தனித்தனி விதிகள் வேண்டும். மூன்றாவதுக்கு மிகக் கடுமையானவை. சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் தாண்டியும் தலைவர் வரவில்லையென்றால் நிகழ்ச்சி முடிந்ததாக அறிவித்துக் கூட்டத்தைக் கலைத்து அனுப்பும் கடமை காவல் அதிகாரிக்கு இருக்க வேண்டும். அதற்காக அவர் மறுநாள் இடமாற்றம் செய்யப்படக் கூடாது. கூட்டம் கொள்ளளவை எட்டியதும் அதற்கு முந்தைய சந்திப்பிலேயே வழியை அடைக்க வேண்டும். பேனருக்கும் வளைவுக்கும் எந்த நிகழ்ச்சியிலும் இடமில்லை. மின்வாரியப் பொறியாளர் பாதையை நடந்து பார்த்துக் கையெழுத்திடாமல் எந்தத் தேரும் எந்தப் பிரச்சார வண்டியும் நகரக் கூடாது.

முதலமைச்சர் வருகைக்கும் எதிர்க்கட்சி ஊர்வலத்துக்கும் கார்ப் பந்தயத்துக்கும் தொழிற்சங்க மறியலுக்கும் ஒரே விண்ணப்பப் படிவம், ஒரே கெடு. விண்ணப்பித்த பத்து நாளுக்குள் எழுத்தில் பதில். பதில் வராவிட்டால் பட்டியலில் உள்ள நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்ததாகப் பொருள். மறுத்தால், சாலையின் அகலம் இவ்வளவு, எதிர்பார்க்கும் கூட்டம் இவ்வளவு, இடம் போதாது என்ற கணக்கைக் காட்டி மறுக்க வேண்டும். "சட்டம் ஒழுங்கு" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடக் கூடாது. யார் எத்தனை மணிக்கு எந்தச் சாலையை மூடுகிறார்கள் என்பது குறைந்தது மூன்று நாள் முன்பே மாநகரப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டப்பட வேண்டும். அந்தத் தெருவின் கடைக்காரர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் நேரில் சொல்லப்பட வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான். அளவு நாடா, வரைபடம், எழுத்தில் ஒரு பதில், நேரத்துக்கு ஒரு முடிவு, இவ்வளவுதான் நான் கேட்டது. இதைச் செய்ய முடியாத நிர்வாகம் பல்லாயிரம் பேரைச் சாலையிலிருந்து விலக்கி மைதானத்துக்குக் கொண்டுபோனால், அந்த மைதானத்தின் வாயில் அகலத்தையும் அது அளக்கப்போவதில்லை.